கடல் கடந்த கட்டளையும் கரையோரக் கண்ணீரும்

எளியதொரு கணக்கோடு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத் தொடங்குவோம். வேலூர் மாவட்டத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரால் நிலமும் கிணறும் பாழ்பட்டு நிற்போர் 29,193 பேர்; அவர்களுக்கு ஈடு செய்ய வேண்டிய ஆலைகள் 547; கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய். இது நாம் போட்ட கணக்கன்று. உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் மாதத்தில் வழங்கிய முடிவு அது.

இனி, வகுத்துப் பாருங்கள். பாழ்பட்டவர் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூடத் தேறாது. ஆலை ஒன்றின் தலையில் விழும் சுமையோ சராசரியாக ஐந்து இலட்சம் ரூபாய்க்கும் குறைவு. இந்தத் தொகையையொட்டி எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்புரைத்த நாள் 2025 ஜனவரி 30. ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள்! இன்னும் ஈட்டுத்தொகை பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிபதிகள் சொல்ல வேண்டிய நிலை வந்தது. கிணற்றில் உப்பேறிய நாளில் இளைஞனாக இருந்த உழவன், தீர்ப்பு வந்த நாளில் பேரன் பேத்தி கண்ட கிழவன். இடையில் இறந்துபோனவர் எத்தனை பேரோ!

இந்தத் தாமதத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால் விரல்கள் பல திசைகளில் நீளும். அரசைக் காட்டுவர் சிலர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் காட்டுவர் சிலர். நீதிமன்றத்தின் நடைமுறையைக் காட்டுவர் வேறு சிலர். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், எவரும் சுட்டிக்காட்டத் தயங்கும் ஓரிடம் உண்டு. அந்த இடத்தை நோக்கித்தான் இன்று நம் கேள்வி செல்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் ஊருக்கு ஊர் இயங்குகின்றனவே தொழிலதிபர் சங்கங்கள், அவை யாருக்காக இருக்கின்றன?

வணிகர்கள் சங்கம் வைப்பதைக் குறை கூறுவோர் அல்லர் நாம். தொழிலாளி சங்கம் வைப்பது எப்படி உரிமையோ, வணிகன் சங்கம் வைப்பதும் அப்படியே. சென்னையில் ஆங்கிலேய வணிகர்கள் 1836-லேயே தமக்கென்று வர்த்தக சபை கண்டார்கள். நம்மவர்க்கு அங்கே இடமும் மதிப்பும் இல்லாதிருந்த நிலையில், 1909-ல் தென்னிந்திய வர்த்தக சங்கம் பிறந்தது. அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்றவர் பிட்டி. தியாகராயர். அதே தியாகராயர்தாம் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்க வழி செய்தவர். சங்கத்தின் பேரேட்டுக்கும் சேரிக் குழந்தையின் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை. ஊர் வாழ்ந்தால்தான் வணிகம் வாழும் என்ற எளிய உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்வோருக்கும் இந்த உண்மை தெரியாததன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், ஈ.ஐ. தோல் என்ற பெயரோடு சீமைச் சந்தையில் விலை போன காலம் ஒன்று இருந்தது. அந்த வருவாயைக் கொண்டு ஊருக்குப் பள்ளிகள் எழுப்பினர்; 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அந்தக் கல்விக்கூடங்களில் படித்து மேலேறியோர் பல்லாயிரம் பேர். கையில் காசு சேர்ந்ததும் கல்விக்கு அள்ளிக் கொடுத்த ஊர்கள் இவை என்பதைச் சொல்லாமல் குற்றத்தை மட்டும் சொல்வோமானால் நாம் நேர்மை தவறியவர்கள் ஆவோம்.

அப்படியானால் கேடு எங்கே நுழைந்தது? 1970-களின் தொடக்கத்தில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைச் சுருக்கி, முழுதும் முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்ப வேண்டும் என்று சீதாராமய்யா குழு பரிந்துரைத்தது. மத்திய அரசும் அவ்வழியே நடந்தது. கொள்கை தவறன்று. மூலப்பொருளை விற்றுவிட்டுப் பிறர் செய்த பொருளை வாங்கும் அடிமைப் பொருளாதாரத்திலிருந்து மீளும் வழி அது. ஆனால் ஏற்றுமதி பெருகப் பெருக, ஆவாரம்பட்டை இருந்த இடத்தைக் குரோம் உப்பு பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கில் முடிந்தது. இலாபம் விரைந்தது, கழிவும் விரைந்தது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும் என்கிறது உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பயன்படும் இரசாயனப் பொருள்கள் 170 வகை. தோல் அழுகாதிருக்க முதலில் உப்பு, மயிர் நீங்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பதப்படக் குரோமியம், அழகுபடச் சாயம். இத்தனையும் சுமந்த நீர் ஆலையின் பின்புறத்தால் வெளியேறி ஓடையில் விழுந்தது. ஓடையிலிருந்து ஏரியில் விழுந்தது. ஏரியிலிருந்து பாலாற்று மணலுக்குள் இறங்கியது. ஆண்டில் பெரும்பகுதி மேலே நீரின்றிக் கிடந்து, மணலுக்கடியில் ஊற்றை வைத்து ஊரைக் காத்துவந்த ஆறு பாலாறு. அந்த ஊற்றிலேயே உப்பைக் கலந்தனர். இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததையும் அதே தீர்ப்பு எடுத்துரைக்கிறது.

1991-ல் வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவனே அதற்கு விலை தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் ஒலிக்கிறதென்றால் காரணம் அதுதான். வேலூருக்குப் பெருமைதான், ஆனால் எப்படிப்பட்ட பெருமை! நோயாளியின் பெயரை நோய்க்குச் சூட்டியது போன்ற பெருமை!

அந்த வழக்கில் நடந்த ஒரு செய்தியை வாசகர்கள் மறவாது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் அமையுங்கள், அல்லது தனித்தனியே சுத்திகரியுங்கள் என்று பத்து ஆண்டுகளாக ஆலைகளுக்குச் சொல்லப்பட்டுவந்தது. மத்திய அரசு கணிசமான மானியம் தரவும் முன்வந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலான ஆலைகள் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை என்று நீதிமன்றமே வருந்திற்று. அதே காலத்தில், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு பற்றி வாரியம் வகுத்த வரம்பு நியாயமன்று என ஆலைகளின் சார்பில் வழக்கறிஞர் வாதிட்டார். நாகபுரியிலுள்ள தேசிய சூழலியல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் அக்கேள்வி அனுப்பப்பட்டது. வாரியம் வகுத்த வரம்பு சரியே என்று 1996 ஜூனில் அந்நிறுவனம் விடையளித்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டக் கிடைத்த பத்து ஆண்டுகள் வீணாயின. வரம்பு அதிகம் என்று வாதிட மட்டும் நேரம் கிடைத்தது!

“எங்களால் இயலாது, சிறிய ஆலைகள், தொழில்நுட்பம் இல்லை, செலவு தாங்காது.” இதுவே அன்று எழுந்த குரல், இன்றும் அவ்வப்போது எழும் குரல். இந்தக் குரல் மெய்யா, பொய்யா? அதனை அளக்க நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோல் கடலுக்கு அப்பால் செய்யப்பட்டது.

1989 டிசம்பரில் ஜெர்மனி ஒரு தடை பிறப்பித்தது. கப்பலில் போகும் தோல் பூஞ்சணம் பிடிக்காதிருக்கப் பூசப்பட்டுவந்த பென்டாகுளோரோபீனால் என்னும் நஞ்சு, இத்தனை அளவுக்கு மேல் இருந்தால் அந்தத் தோல் தன் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்றது. 1994-ல் இன்னொரு தடை: புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகச் சிதையக்கூடிய சில அசோ சாயங்கள் கூடா என்றது. தமிழ்நாட்டுத் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. என்ன நடந்தது? “எங்களால் இயலாது” என்று எந்த ஊரிலேனும் கதவடைப்பு நடந்ததா? வரம்பு நியாயமன்று என்று பெர்லின் நீதிமன்றத்தில் எவரேனும் வழக்காடினாரா? இல்லை. அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளை நாடினர். மாற்று மருந்து தேடினர், சாயத்தை மாற்றினர், சோதனைச் சாலைகள் எழுந்தன. தொழிலமைப்புகள் செய்தியைப் பரப்பின. சில ஆண்டுகளுக்குள், சிறிய ஆலை பெரிய ஆலை என்ற வேறுபாடின்றி, ஏற்றுமதித் தோல் புதிய வரம்புக்குள் வந்து நின்றது.

பாராட்டுகிறோம். மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டி முடித்த அந்த நொடியிலேயே கேட்கிறோம்: ஜெர்மானியனின் காலில் படும் தோலில் நஞ்சு இருக்கலாகாது என்று விரைந்து செயல்பட்ட கைகள், பேரணாம்பட்டுக் குழந்தையின் தொண்டையில் இறங்கும் நீரைப் பற்றி மட்டும் ஏன் முடங்கிக் கிடந்தன? இயலாமை காரணமன்று, ஜெர்மனி அதனைப் பொய்யாக்கிவிட்டது. அறியாமை காரணமன்று, அடையாறு அருகில்தான் இருந்தது. பின் என்னதான் காரணம்? கடலுக்கு அப்பாலிருப்பவன் வாங்குவோன்; கரையோரத்தில் இருப்பவன் வெறும் குடிமகன். வாங்குவோன் முகம் சுளித்தால் வாணிபம் நின்றுவிடும். குடிமகன் முகம் சுளித்தால் அவன்தான் ஊரை விட்டுப் போகவேண்டும்!

1990-களில் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தனவே என்பர். எழுந்தன. ஆலையதிபர்கள் ஒன்றுகூடி, பங்குபோட்டு, நிறுவனம் அமைத்து, ஊருக்கு ஊர் அந்நிலையங்களைக் கட்டினர். போட்டியாளர்களாக ஒருவரையொருவர் விலை குறைத்து வீழ்த்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு கூரையின் கீழ் வந்து நின்றது சிறிய செயலன்று. அந்த வேலையைச் செய்துமுடித்தது சங்கம்தான். ஆனால் எப்போது செய்தது? உழவன் கெஞ்சியபோதன்று; மூடுவோம் என்று நீதிமன்றம் பூட்டைக் கையில் எடுத்தபோது. ஆகவே சங்கத்துக்கு வலிமை இல்லை என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். வலிமை இருக்கிறது, அந்த வலிமையை எழுப்பும் மணியோசை அயல்நாட்டுக் கடிதமாகவோ நீதிமன்றப் பூட்டாகவோ இருக்கவேண்டியிருக்கிறது. அதுவே நம் குற்றச்சாட்டு.

நிலையம் எழுந்ததோடு துன்பம் தீர்ந்ததா? உயிரிமுறைச் சுத்திகரிப்பு நாற்றத்தைக் குறைக்கும், உப்பைப் பிரிக்காது. உப்பைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலமும் வேண்டும். பிரித்தெடுத்த உப்பும் வண்டலும் மலைபோல் குவியும். அந்தக் குவியல் எப்படிப்பட்டது என்பதை 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட் வளாகம் கண்டது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் வண்டலைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் நள்ளிரவில் உடைந்தது. அடுத்திருந்த ஆலைக்குள் உறங்கியவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளிகள். நீரைத் தூய்மை செய்ய எழுப்பிய இடமே உயிரைக் குடித்தது. இதை விபத்து என்று எழுதி முடிப்பது எளிது. ஆனால் அந்தச் சுவரின் வலிமையைச் சோதிப்பது வாரியத்தின் வேலை மட்டுமா? பங்குதாரராகக் கூடிய ஆலையதிபர் சமூகத்தின் வேலையும் அன்றோ?

அன்னியச் செலாவணி ஈட்டுகிறோம் என்று ஒரு வாதம் உண்டு. மெய்தான். 1996 தீர்ப்பும் அதனை மறுக்கவில்லை. தோல் நாட்டுக்குப் பெரும் வருவாய் தருகிறது. பலருக்கு வேலை தருகிறது. ஆயினும் சூழலை அழிக்கவும் மக்கள் நலத்தைக் கெடுக்கவும் அந்த வருவாய் உரிமை தந்துவிடாது என்றே நீதிபதிகள் தீர்த்துச் சொன்னார்கள். நாம் அதனோடு இன்னொன்றைச் சேர்க்கிறோம். வெளிநாட்டுப் பணம் வந்ததைக் கணக்கில் எழுதுகிறீர்களே, உள்நாட்டு நீர் போனதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? ஒரு பக்கத்தில் வரவை மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் கிழித்தெறியும் கணக்குப்பிள்ளையை உங்கள் கடையில் வைத்துக்கொள்வீர்களா?

வேலை போய்விடும் என்பது அடுத்த வாதம். ஆம்பூரில் செருப்பாலைகளுக்குச் சாரிசாரியாகச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் செருப்பின் மேற்பகுதியை ஊசியால் தைக்கும் தாய்மார்களையும் அறிவோம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் புரட்டிய ஒடுக்கப்பட்ட மக்களின் கைகளையும் அறிவோம். அவர்களுக்கு வேலை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர்களைக் காட்டி நீதிமன்றத்தில் இரக்கம் கேட்பவர்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்கும்போது அந்த இரக்கத்தை எங்கே வைத்துவிடுகிறார்கள்? பகலில் அந்தப் பெண் தைக்கும் செருப்பு கடல் கடக்கிறது. மாலையில் அவள் குடம் தூக்கி நீருக்கு நடக்கிறாள். அவளை ஒரு கையில் தொழிலாளி என்றும் மறுகையில் குடியிருப்போர் என்றும் பிரித்து, ஒருத்திக்கு எதிராக மற்றொருத்தியை நிறுத்துவது சூது. இருவரும் ஒருத்தியே!

மூன்றாவது வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. மேனாட்டுப் பெருநிறுவனங்கள் தூய்மைச் சான்று கேட்கின்றன; விலையையோ ஏற்றித் தருவதில்லை. பதனிடும் அழுக்கு வேலையைத் தம் மண்ணில் குறைத்துக்கொண்டு நம் மண்ணுக்குத் தள்ளிவிட்டு, தூய்மை பற்றி நமக்கே பாடம் நடத்துகின்றன. இது அநீதி. ஆனால் இந்த அநீதியைத் தனியொரு ஆலை எதிர்த்துப் பேசினால் மறுநாளே ஆர்டர் அடுத்த ஆலைக்குப் போய்விடும். எல்லாரும் சேர்ந்து, “தூய நீரின் செலவும் செருப்பின் விலையில் அடக்கம், அதற்குக் குறைந்து தரமாட்டோம்” என்று பேசினால்தான் எடுபடும். அப்படிச் சேர்ந்து பேசத்தானே சங்கம்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது தொழிலமைப்புகள் காலம் தாழ்த்தாமல் தில்லியிடம் முறையிட்டன. முறையிட்டது சரி. அந்தக் குரலில் பாதியாவது பாலாற்றுக்காக எழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

ஆகவே வெறும் கண்டனத்தோடு நாம் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. சங்கங்களின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, உச்சநீதிமன்றம் சொன்ன ஈட்டுத்தொகையில் நிலுவை எதுவும் இருக்குமானால், வசூல் அதிகாரி வாசலுக்கு வரும்வரை காத்திராமல் சங்கமே முன்னின்று உறுப்பினர்களிடம் திரட்டிக் கட்டட்டும். ஆலைக்கு ஐந்து இலட்சம் என்பது ஒரு கண்காட்சிக்குச் சென்றுவரும் செலவு.

இரண்டாவது, ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் பலகை ஒன்று நிற்கட்டும். உள்ளே வந்த நீர் எவ்வளவு, அதில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, குவிந்த வண்டல் எவ்வளவு என்பதை வாரந்தோறும் தமிழில் எழுதி வைக்கட்டும். ஏற்றுமதிச் சான்றிதழை வெளிநாட்டானுக்கு அவன் மொழியில் அனுப்புகிறவர்களுக்கு இது கடினமன்று.

மூன்றாவது, தோலை நீரில் நனைக்குமுன் ஒட்டியிருக்கும் உப்பை உதறி எடுத்துவிட்டால், ஆற்றுக்குப் போகக்கூடிய உப்பில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே குறையும். பெரிய இயந்திரம் வேண்டாத வேலை இது. இதனை உறுப்பினர் அனைவருக்கும் கட்டாய விதியாக்கட்டும். மீறுவோரைச் சங்கத்திலிருந்து நீக்கட்டும்.

நான்காவது, இதுவே எல்லாவற்றுக்கும் வேர். நீர் பற்றியும் கழிவு பற்றியும் சங்கம் முடிவெடுக்கும் மேசையில் உழவருக்கும் தொழிலாளிக்கும் நகராட்சிக்கும் நாற்காலி போடட்டும். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் ஆறு பிரியவில்லை. மேலே வாணியம்பாடியில் விட்டது கீழே ஆம்பூரின் ஊற்றுக்கு வந்துசேரும். ஆம்பூரில் விட்டது இராணிப்பேட்டையை எட்டும். ஆற்றுக்கு ஒரே அவை வேண்டும்.

அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. சங்கத்தின் தூதுக்குழு மாலையோடு வந்தால் அமைச்சர்களின் கதவு திறக்கிறது. உழவன் குப்பியில் நிறம் மாறிய நீரோடு வந்தால் மனுவுக்கு எண் மட்டும் கிடைக்கிறது. எந்தக் கட்சி ஆண்டபோதும் இதுவே காட்சியாக இருந்திருக்கிறது. இந்தக் காட்சி மாறாதவரை எத்தனை தீர்ப்பு வந்தாலும் அது காகிதம்தான்.

வாசகத் தோழர்களே! தொழில் அழியவேண்டும் என்று கேட்போர் அல்லர் நாம். தோல் தொழில் தழைக்கட்டும். ஆம்பூரின் செருப்பு உலகெங்கும் நடக்கட்டும். ஆனால் அந்தச் செருப்பு உழவனின் நெஞ்சின்மீது நடந்து துறைமுகம் போய்ச் சேரவேண்டாம். கடல் கடந்து வந்த கட்டளைக்குப் பணிந்த சங்கம், கரையோரத்தில் வழியும் கண்ணீருக்கும் ஒருநாள் பணிந்தே தீரவேண்டும். தானாகப் பணிந்தால் அதற்குப் பெயர் பெருந்தன்மை. மக்கள் திரண்டு பணியவைத்தால் அதற்குப் பெயர் வேறு. எந்தப் பெயர் வேண்டும் என்பதைச் சங்கங்கள் முடிவு செய்யட்டும். அந்த முடிவை விரைவுபடுத்தும் பொறுப்பு உங்களுடையது.